இடைவேளைக் கதவு

உங்கள் இடத்தில் தேநீர் நன்றாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஓர் இயந்திரம் உண்டு. அதில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே வெந்நீர்தான் வரும், நிறம் மட்டும் மாறும். அதைக் குடித்துவிட்டும் மனிதர்கள் ஒழுங்காக வேலை செய்தார்கள் என்றால் அதற்கு யாராவது ஒருவர் காரணமாக இருந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால் உங்களுக்கு எழுதச் சுலபம்.

ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறது, நல்லது. நான் ஒழுங்காகப் பேசுகிறவன், பிறகு திருத்த வேண்டியிருக்காது. நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தீர்களானால் சீக்கிரம் முடித்துவிடலாம். உங்களுக்கும் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். இந்த ஊரில் உயரமான கட்டடங்களில் பாதி எங்கள் கையில். ஆனால் அந்த உயரத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, நாங்கள் நிலத்துக்கடியில் இருக்கிறோம். வண்டி நிறுத்துமிடத்துக்கும் கீழே, ஜன்னலில்லாத ஒரு கூடம். அதுதான் கட்டுப்பாட்டு அறை. ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே இருப்பவர் மணியை அழுத்தினால் அவருடைய குரல் எங்கள் ஆட்களின் காதுக்கு வரும். அங்கே கைபேசி வேலை செய்யாது. செய்தாலும் உள்ளே கொண்டுவர முடியாது, மேலே வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆபத்தில் இருப்பவர் ஒரு காதில் கத்தும்போது இன்னொரு காதில் மைத்துனர் பேசக் கூடாது அல்லவா.

எங்கள் ஆட்கள் லிஃப்டைச் சரிசெய்வதில்லை. பேசுவார்கள், அவ்வளவுதான். பேசுவதற்கு மூன்று வாக்கியங்கள் உண்டு. பதறாதீங்க. கதவைத் தள்ளாதீங்க, இருக்கற இடத்துலேயே இருங்க. ஆள் வந்துக்கிட்டிருக்காங்க. மெக்கானிக் அப்போது புறப்பட்டிருக்கலாம், புறப்படாமலும் இருக்கலாம், கைகழுவிக்கொண்டும் இருக்கலாம். சொல்ல வேண்டியது அதுதான். மூன்றாவது வாக்கியம் பொய் என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஆட்சேபித்தார். ஆறுதல் வேறு, தகவல் வேறு என்று அவருக்கு விளக்கினேன். அவர் அதிக நாள் எங்களோடு இருக்கவில்லை.

என் பதவி 'கணினி, இணையம் மற்றும் பணிநேர ஒழுக்கநெறித் தலைமை அலுவலர்'. அறைக் கதவில் இடம் போதாமல் 'தலைமை அலுவலர்' மட்டும் பக்கத்துச் சுவரில் இருக்கும். ஆட்கள் என்னைப் 'பூட்டு சார்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பை நான் கெடுக்கவில்லை.

நான் வருவதற்கு முன்னால் அந்தக் கூடத்தில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒருவர் வேலை நேரத்தில் செருப்பு பார்ப்பார். ஒருவர் வாடகைக்கு வீடு பார்ப்பார். ஒருவர் தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பார், பார்த்த மாப்பிள்ளையை நான்கு மேசைக்கும் காட்டி ஓட்டெடுப்பு நடத்துவார். பொது மேலாளர் மனம் நொந்து, வெளியிலிருந்து ஓர் ஒழுக்க நிபுணரை வரவழைத்து இரண்டு மணி நேரம் நேர்மையைப் பற்றிப் பேசவைத்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மேலாளர் நடுநடுவே முகம் மலர்ந்து தலையாட்டினார். நிபுணர் நெகிழ்ந்துபோனார். மேலாளரின் ஒரு காதில் குதிரைப் பந்தய வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது நிபுணருக்குத் தெரியாது.

பலர் இணையத்தை ஒரேயடியாக மூடிவிடச் சொன்னார்கள். நான்தான் மறுத்தேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனிதன் இயந்திரமல்ல, இடைவேளை அவனுடையது, அந்த நேரத்தில் அவன் செருப்பு பார்க்கட்டும், சொந்தக்காரர்களைப் பார்க்கட்டும் என்று வாதாடினேன். அப்படிப் பிறந்ததுதான் 'இடைவேளைக் கதவு'. ஒவ்வொரு திரையிலும் ஒரு பச்சைப் பொத்தான். மதிய இடைவேளையில் அழுத்தினால் வெளியுலகம் திறக்கும். இடைவேளை முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும், கதாநாயகன் வாக்கியத்தின் பாதியில் இருந்தாலும் சரி, முத்தத்தின் பாதியில் இருந்தாலும் சரி. எடுத்துக்கொள்ளாத இடைவேளை காலாவதியாகிவிடும். சேர்த்துவைக்க விட்டால் அதை விடுமுறையாக்கிவிடுவார்கள். மேலாளருக்கு மட்டும் கதவு கிடையாது, எப்போதும் திறந்திருக்கும். பொறுப்பு மிகுந்தவர்களுக்கு வேலை நேரம், இடைவேளை என்ற பிரிவினை இல்லை என்று நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறேன். என்னுடைய விஷயத்தில் நான் அந்தச் சலுகையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை நேரத்தில் ஒரு நிமிடம் சொந்தக் காரியத்துக்கு இணையத்தைத் திறப்பவன் ஒரு நிமிடத்தைத் திருடுகிறான். இதைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். யாரோ 'திருடுகிறான்' என்பதன் கீழே சின்னதாகக் குதிரை ஒன்று வரைந்திருந்தார்கள். நான் அதை அழிக்கச் சொன்னேன். விசாரிக்கவில்லை.

இனி லிஃப்ட் அக்காவைப் பற்றி. அவளைவிட வயதான மெக்கானிக்குகள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். கட்டுப்பாட்டு அறையிலேயே நல்ல குரல் அவளுடையது. இனிமை என்று சொல்ல முடியாது. காய்ச்சல்காரரின் நெற்றியில் வைத்த ஈரத்துணி போல இருக்கும். ஒருமுறை ஒரு பெரிய வியாபாரி சிக்கிக்கொண்டு, கம்பெனியையே விலைக்கு வாங்கி இழுத்து மூடிவிடுவேன் என்று கத்தினார். கதவு திறந்த பிறகும் அவர் வெளியே போகாமல், "கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிரும்மா" என்றாராம். மெக்கானிக் வந்து அதை எல்லோரிடமும் நடித்துக் காட்டினார். ஒருமுறை கேட்ட குரலை அவள் மறக்கவும் மாட்டாள். ஒரு வருடம் கழித்து அதே ஆள் சிக்கினால், "மறுபடியும் நீங்களா? அன்னைக்கே படியேறுங்கன்னு சொன்னேன்ல" என்பாள்.

அவள் மதியத்தில் சாப்பாட்டு அறைக்கு வருவதில்லை. இடத்திலேயே டப்பாவைத் திறந்துவைத்து, பச்சைப் பொத்தானை அழுத்தி, திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிடுவாள். படம் ஓடினால் இணையம் இழுக்கும், என்ன இழுக்கிறது என்று பார்ப்பது என் கடமை. பார்த்தேன்.

ஒரு சின்ன வீட்டின் முன்னறை. பனியன் போட்ட ஒரு பெரியவர். எதிரே தட்டு. கழுத்தில் கயிறு கட்டிய ஒரு விசில். அவளுடைய அப்பா. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மனைவி போய்விட்டார், பின்னாலேயே ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. பகல் முழுக்கத் தனியாக இருப்பார். எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு சாவி உண்டு, ஆனால் அவரும் பகலில் வேலைக்குப் போகிறவர். அதனால் அலமாரித் தட்டில் ஒரு கேமரா வைத்திருந்தாள். பார்க்கவும் முடியும், பேசவும் முடியும். தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். மணி அடித்தால் யாரோ இறங்க வேண்டும் என்று நினைத்து எழுந்து கதவைத் திறந்துவிடுவாராம்.

"அப்பா, தட்டுல இன்னும் ரெண்டு வாய் இருக்கு."

"கூட்டம் இறங்கட்டும்மா. சாப்புடறேன்."

"கூட்டமெல்லாம் இறங்கியாச்சு. நீங்க சாப்பிடுங்க."

அவர் கவளத்தைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று அதட்டி வாயில் போட்டுக்கொள்வார். அவள் சிரித்துக்கொண்டே தன் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுப்பாள். மகள் குரல் கேட்டால்தான் அவர் சாப்பிடுவார். முடிந்ததும் இரண்டு விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். பிறகு கதவு மூடிக்கொள்ளும்.

அலுவலகக் கணினியில் சேமித்த எதுவும் அலுவலகத்துக்குச் சொந்தம், பாஸ்வேர்ட் உட்பட. அந்த விதியையும் நான்தான் எழுதினேன். ஆகவே மறுநாள் காலையில் என் அறையில் அந்தக் கேமராவைத் திறந்தபோது நான் யாருடைய வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. அது சொந்தக் காரியம்தானா, வேறேதாவதா என்று சரிபார்க்க வேண்டியிருந்தது. சரிபார்த்தேன். சரிபார்த்ததை உறுதிசெய்ய அடுத்த நாளும் பார்க்க வேண்டியிருந்தது.

நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் அங்கே பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருவர், "வெளிய வெயில் ஜாஸ்தியோ" என்பார். நிலத்துக்கடியில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? எல்லோரும் டப்பாவை மூடிவிடுவார்கள். வீட்டிலும் பேச்சில்லை. என் மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்கு ஒரு வாரத்துக்குப் போனவள், இன்னும் அந்த வாரம் முடியவில்லை. இதைச் சொல்வது இரக்கத்துக்காக அல்ல. ஒருநாள் காலையில் எனக்கு இருமல் வந்தது, ஒலிவாங்கி திறந்திருந்தது, அதைச் சொல்ல வந்தேன்.

பெரியவர் சட்டென்று திரும்பினார். முகமெல்லாம் வெளிச்சம்.

"யாரு, டிரைவரா? என்னய்யா, இன்னும் சளி விடலையா?"

நான் மூடியிருக்கலாம். "விடல" என்றேன்.

அவ்வளவுதான். அவருடன் பல வருடம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் ஒருவர் இருந்திருக்கிறார் போல. எப்போதோ செத்தும் போயிருக்கிறார் போல. பெரியவர் அந்தப் பாதியை மட்டும் மறந்துவிட்டார். அதன் பிறகு தினமும் காலைத் தேநீர் முடிந்ததும் நான் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் டிரைவராக இருந்தேன். அவர் என்னைத் திட்டுவார். பிரேக் போடத் தெரியுமா உனக்கு, பின்சீட்டு ஆயா முன்சீட்டுக்கு வந்துட்டாங்க என்பார். சில்லறை கொடுக்காமல் இறங்கினவர்களைச் சபிப்பார். என்னை 'சார்' என்று சொல்லாத ஒரு மனிதர்.

ஒருநாள் கேட்டார். "உன் பொண்டாட்டி திரும்பி வந்தாளா?"

அந்த டிரைவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். "இன்னும் வரல" என்றேன்.

"நீ போய்க் கூப்டியா?"

"தகவல் சொல்லியிருக்கேன்."

"தகவலா! யோவ், ஸ்டாப்புல நின்னு ஹாரன் அடிச்சா பயணிதான் வருவான், பொண்டாட்டி வரமாட்டா. இறங்கிப் போய்யா."

அன்று மாலை மனைவிக்குத் தொலைபேசியில் பேசினேன். "யாரு?" என்றாள். பெயரைச் சொன்னேன். "சொல்லுங்க" என்றாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

வேலை நேரத்தில் செய்ததுதானே இது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் இதற்காக ஒருநாளும் பச்சைப் பொத்தானை அழுத்தியதில்லை. சொந்தக் காரியமாக இருந்தால் அழுத்தியிருப்பேன். இது கண்காணிப்பு. மதிய இடைவேளையில் அது லிஃப்ட் அக்காவின் நேரம் என்பதால் மரியாதையாக விலகிக்கொள்வேன். அவர்கள் இருவரும் சாப்பிடுவதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. பொறாமை என்று எழுதினால் அது தவறு.

பிறகு அவள் ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஒரு உதவி. திரையோட மூலையில சின்னதா ஒரு ஜன்னல் போதும் சார், ஸ்டாம்பு அளவுக்கு. அப்பாவைப் பாத்துக்கிட்டே வேலை செய்வேன். இப்பல்லாம் நாற்காலி மேல ஏற ஆரம்பிச்சிட்டார். சத்தம்கூட வேணாம் சார்."

"இன்னைக்கு உங்க அப்பாம்மா. நாளைக்கு ஒருத்தர் தன் நாய்க்குட்டியைப் பாக்கணும்னு வருவார்."

"என் அப்பாவும் நாய்க்குட்டியும் ஒண்ணா சார்?"

"எனக்கு வேறதான். விதிக்கு ஒண்ணுதான்."

அவள் கொஞ்ச நேரம் சுவரில் ஒட்டியிருந்ததைப் படிப்பவள் போல நின்றாள். "சரி சார்" என்றாள். அவள் போன பிறகு யோசித்தேன். மறுப்பதில் எந்த ஆபத்தும் இல்லை, ஏனென்றால் நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே. ஒருவரை இரண்டு பேர் பார்ப்பது நேர விரயம். பகல் முழுக்க அவள் ஜன்னல் திறந்திருந்தால் டிரைவர் வர முடியாது என்பதும் தோன்றியது. ஆனால் முடிவெடுத்த பிறகுதான் தோன்றியது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

காலைத் தேநீர் முடிந்திருந்தது. பெரியவர் அன்று சட்டை போட்டுத் தலையெல்லாம் வாரி உட்கார்ந்திருந்தார், பரபரப்பாக இருந்தார். "டிரைவரே, டிக்கெட் பையைக் காணோம். பை இல்லாம எப்படி ஏறுறது?" எனக்கு அது தெரிந்தது. பழைய தோல் பை, பீரோ மேல். மகள் எட்டாத இடமாகப் பார்த்து வைத்திருந்தாள்.

"பீரோ மேல பாருங்க" என்றேன்.

"அடடே. எடுக்கட்டுமா?"

"எடுத்துட்டு வாங்க. வண்டி எடுக்கணும், நேரமாச்சு."

விளையாட்டாகச் சொன்னதுதான். அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன் ஒரு கால் லேசாக வெளியே வளைந்திருந்ததை என்னால் பார்க்க முடிந்தது, படம் அவ்வளவு துல்லியம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏறி நின்றுகொண்டு, கேமராவைத் திரும்பிப் பார்த்து, "பிடிச்சுக்க டிரைவரே" என்றார். நான் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

விழுந்தார். பை அவர்மேல் விழுந்து திறந்துகொண்டது. உள்ளே ஒன்றுமில்லை.

படத்தில் முகமும் ஒரு கையும் தெரிந்தன. கால் தெரிந்த வரையில் சரியான திசையில் இல்லை. சாகவில்லை. கண் திறந்திருந்தது, பேசினார். "டிரைவரே, வண்டி நின்னுபோச்சு" என்றார்.

நான் எழுந்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் அறைக்குக் கண்ணாடிச் சுவர். அவளுடைய முதுகு தெரிந்தது, கூப்பிடும் தூரம். கதவைத் திறந்துகூட விட்டேன். உங்கப்பா விழுந்துட்டார்ம்மா என்று நான் சொன்னால் அவள் முதலில் ஓடுவாள். பிறகு, மாலையிலோ மறுநாளோ, ஒரு கேள்வி கேட்பாள். உங்களுக்கு எப்படி சார் தெரியும்? காலை நேரத்தில், இடைவேளைக்கு முன்னால், எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைச் சாப்பாட்டு அறை முழுவதும் கேட்கும். சுவரில் குதிரைக்குப் பக்கத்தில் என்ன வரைவார்கள் என்றுகூட யோசித்தேன். கதவை மூடினேன்.

இடைவேளை வரப்போகிறது. வந்தால் அவளே பச்சைப் பொத்தானை அழுத்துவாள், அவளே பார்ப்பாள், ஓடுவாள். எல்லாம் முறைப்படி நடக்கும். கொஞ்ச நேரம்தான். அதுவரை பெரியவரைத் தனியாக விடக் கூடாது என்று நான் கூடவே இருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

"பதறாதீங்க. இருக்கற இடத்துலேயே இருங்க. ஆள் வந்துக்கிட்டிருக்காங்க."

என் குரலில் அந்த வாக்கியங்களை முதல் தடவையாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தன. பெரியவர் அசைவதை நிறுத்திவிட்டு, "ரைட்" என்றார்.

இடைவேளைக்குச் சற்று முன் ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றது. உள்ளே ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். அழைப்பு லிஃப்ட் அக்காவுக்குப் போனது. அழைப்பை எடுத்தவர் கதவு திறக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அது என் விதியல்ல, எனக்கு முன்னாலிருந்தே உள்ளது. மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய வாய் அசைவதைப் பார்த்தேன். பதறாதீங்கம்மா. பாப்பாவுக்கு ஏதாவது பாட்டுப் பாடுங்க. ஆள் வந்துக்கிட்டிருக்காங்க. கண்ணாடிக்கு இப்பால் நான் அவளுடைய அப்பாவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நம்பிச் சொல்கிறாள், அதனால் அவள் சொல்வது இன்னும் நன்றாக இருக்கும்.

இடைவேளை வந்தது, போனது. அந்தக் குழந்தையும் தாயும் வெளியே வந்தபோது பச்சைப் பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. அவள் அதை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சார், இன்னைக்கு மட்டும் ஒரு நிமிஷம் திறந்து விடுங்க சார். அப்பா சாப்பிட்டாரான்னு பாத்துட்டு மூடிடறேன்."

என் திரையின் முதுகு அவள் பக்கம் இருந்தது. அதன் முகத்தில் அவளுடைய அப்பா படுத்திருந்தார். ஹெட்போன் என் கழுத்தில் கிடந்தது, சத்தத்தைக் குறைத்துவிட்டிருந்தேன். அவர் முனகுவது கொசு பறப்பது போல எனக்கு மட்டும் கேட்டது.

"இடைவேளை முடிஞ்சிருச்சேம்மா."

"நான் எடுக்கலையே சார். குழந்தையோட ஒருத்தங்க மாட்டிக்கிட்டாங்க, அதுல போயிருச்சு."

"தெரியும். நல்லாச் செஞ்சீங்க. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணு."

"அப்ப மேல போய் என் போன்லயாவது பாத்துட்டு வரட்டுமா சார்?"

"சீட்டுக்கு யாரு? மாத்து ஆள் இல்லையே." மாற்று ஆளை நான் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மாற்று ஆள் வெந்நீர் இயந்திரத்தருகே சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"நான் சொன்னாத்தான் சார் அவர் சாப்பிடுவார்."

"ஒரு வேளை சாப்பிடலன்னா ஒண்ணும் ஆகாதும்மா. சாயங்காலம் நேர்லயே பாத்துக்கலாம்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, சிக்கிக்கொண்டவர்களிடம் பேசும் அதே குரலில், "சரி சார், பரவால்ல" என்றாள். எனக்கே ஆறுதலாக இருந்தது.

ஏன் திறக்கவில்லை என்றுதான் நேற்றிலிருந்து நீங்கள் கேட்கிறீர்கள். காலையில் திறக்காததற்குக் காரணம் வேறு, மதியம் திறக்காததற்குக் காரணம் வேறு. காலையில் அவள் கேட்பாள் என்று பயந்தேன். மதியம் அவர் சொல்வார் என்று தெரிந்தது. அவர் பேசக்கூடிய நிலையில் இருந்தார். டிரைவர் ஏறச் சொன்னார் என்பார், டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பார். அவர் பேசாமல் ஆகும்வரை காத்திருப்பது என்று நான் முடிவுசெய்தேன். முடிவு என்பது பெரிய வார்த்தை. திரையை மூடவில்லை, கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் செய்தேன்.

பிற்பகலில் தண்ணீர் கேட்டார். மகளைக் கூப்பிட்டார். ஒற்றை விசில் ஊதினார். பிறகு கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஒற்றை விசில். நான் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன், ஒரு தடவைகூட விடவில்லை.

"ஆள் வந்துக்கிட்டிருக்காங்க."

"எந்த ஸ்டாப்புல இருக்காங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் மூன்று வாக்கியங்களில் பதில் இல்லை. "அடுத்த ஸ்டாப்" என்றேன்.

"ரைட்" என்றார். நான் சொன்னதை நம்பினார். கடைசியாக விசிலை வாயில் வைத்து இரண்டு ஊதப் பார்த்தார். முதலாவது கேட்டது. இரண்டாவது வெறும் மூச்சாக வந்தது. அப்புறம் கயிறு மட்டும் மார்பில் கொஞ்ச நேரம் ஏறி இறங்கியது.

நான் திரையில் அந்த ஜன்னலை மூடிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணாடி ஈரமாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை. அன்று எல்லோருக்கும் ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டியிருந்தது, இடைவேளை முடிந்த பின் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம் என்று. அனுப்பினேன்.

மருத்துவர் அவளிடம் சொன்னாராம், மதியத்துக்குள் கொண்டுவந்திருந்தால் காலோடு போயிருக்கும் என்று. அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. நான் பேசினேன். சட்டம் மனிதனுக்காக, மனிதன் சட்டத்துக்காக அல்ல என்று தொடங்கி, வீட்டில் முதியோர் இருப்பவர்களுக்குத் திரை மூலையில் ஸ்டாம்பு அளவு ஜன்னல் அனுமதிக்கப்படும் என்று அறிவித்தேன். கைதட்டக் கூடாத கூட்டத்தில் கைதட்டினார்கள். பொது மேலாளர் ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய குதிரை தோற்றிருக்கலாம், ஆனாலும் துடைத்தார்.

கூட்டம் முடிந்து லிஃப்ட் அக்கா என்னிடம் வந்தாள். இளைத்திருந்தாள். "ரொம்ப நன்றி சார். மத்தவங்களுக்காவது ஆச்சு" என்றாள். பிறகு, "அப்பா கொஞ்ச நாளா யாரோ டிரைவரோட பேசிக்கிட்டே இருந்தாராம் சார். லீவுல இருந்தப்ப எதிர்வீட்டம்மா கேட்டிருக்காங்க. பாவம், தனியா உக்காந்து தானே பேசியிருக்கார்."

"பாவம்" என்றேன்.

கேமராவுக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும், அதில் படமும் சத்தமும் தங்கும் என்பதை நான் அறியாதவனல்ல. அது அவளுடைய பொருள், அலுவலகத்துடையது அல்ல, ஆகவே தொடவில்லை. அவளும் பல வாரம் அதைத் திறக்கவில்லை, மனசு வரவில்லையாம். பிறகு ஒருநாள் அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்திருக்கிறது. அட்டையைக் கொண்டுவந்து அவளுடைய இடத்தில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டாள். அப்பாவின் குரலோடு இன்னொரு குரலும் இருந்தது. ஒருமுறை கேட்ட குரலை அவள் மறக்க மாட்டாள் என்று முன்பே சொன்னேன்.

அவள் அழுதுகொண்டு வருவாள் என்றுதான் எதிர்பார்த்தேன், கண்ணாடிக்கு அப்பால் அவள் எழுந்ததைப் பார்த்தபோது. முதலில் படியேறி வாசலுக்குப் போய்விட்டு வந்தாள். லாக்கரிலிருந்து கைபேசியை எடுத்து உங்கள் காவல் நிலையத்துக்குப் பேசியிருக்கிறாள். பிறகு என் அறைக்கு வந்து கதவை வெளியிலிருந்து சாத்தி, பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடமே எழுந்து நின்று பார்த்தது. கத்தவில்லை. அதே ஈரத்துணிக் குரல்.

"பதறாதீங்க சார். கதவைத் தள்ளாதீங்க, இருக்கற இடத்துலேயே இருங்க. ஆள் வந்துக்கிட்டிருக்காங்க."

நான் தள்ளவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மூன்றாவது வாக்கியம் முழு உண்மையாக இருந்தது. உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலியில் ஏறச் சொன்னது நான். விழுந்ததைப் பார்த்தது நான். அவர் பேச்சு நிற்கும்வரை யாரையும் அழைக்காமல், ஆள் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தது நான். எங்கே கையெழுத்திட வேண்டுமோ காட்டுங்கள், இடுகிறேன். எனக்கு வருத்தம் உண்டு. எனக்கும் அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஒன்றை மட்டும் நீங்கள் விசாரிக்கவில்லை. அவள் அந்தப் பதிவை அலுவலகக் கணினியில் கேட்டிருக்கிறாள். காலையில் தொடங்கி மாலைவரை ஓடும் பதிவு. அவ்வளவும் இடைவேளைக்குள் அடங்கியிருக்காது.